கோல் கம்பத்தடி எலுமிச்சம்பழம்

அந்த மேட்சை நான் கெடுத்துட்டேன்னு சொல்றவன் எவனா இருந்தாலும் என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும், சார். பஸ் ஏறுறதுக்கு முன்னால கோப்பிக் கடையில ஒருத்தன் என்கிட்ட வாயைக் கொடுத்தான், பார்த்தீங்கல்ல? வெள்ளைத் தொப்பி போட்டவன். அந்த மேட்ச் நடந்தப்ப அவனுக்குப் பத்து வயசுகூட இருக்காது. பாங்காக் எந்தத் திசையில இருக்குன்னே தெரிஞ்சிருக்காது. அவன் கேக்குறான், "அந்தக் கோலைக் கெடுத்த கன்னியப்பன் நீங்கதானே"ன்னு. கோப்பியை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இந்த வயசுல நான் அவனை அடிக்கவா முடியும்?

உக்காருங்க சார். சன்னல் பக்கம் வேணும்னாலும் உக்காருங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. பட்டர்வொர்த் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீங்க தமிழ்நாட்டு ஆளுன்னு பேச்சிலயே தெரியுது. உங்களுக்கு இந்தக் கதை ஒண்ணும் தெரியாது, அதான் நல்லது. இங்க உள்ளவன்கிட்ட ஆரம்பிச்சா, தெரியும் தெரியும்னு பாதியிலயே தலையாட்டுறான்.

நான் கோல்கீப்பர். ரெண்டாவது கோல்கீப்பர், சரியா? மொத கோல்கீப்பர் சவரிமுத்து. ரெண்டு பேருக்கும் ஒரே ஈயச் சுரங்கத்துல வேலை, ஒர்க்‌ஷாப்புல. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்து வீடு. அவன் வீட்டுல மீன் பொரிச்சா என் வீட்டுக்கு ஒரு தட்டு வரும். அவன் மூத்த பிள்ளை நடை பழகினதே என் விரலைப் பிடிச்சுத்தான். இதையெல்லாம் எவனாவது சொல்றானா? சொல்ல மாட்டான்.

சுரங்கத்து ஆளுங்க சேர்ந்து வச்சிருந்த கிளப் எங்களோடது. அறுபதுகளோட கடைசியில ஒரு வருஷம் நாட்டு லீக்கையே ஜெயிச்சுட்டோம். அது எப்படி ஜெயிச்சோம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே ஆச்சரியம். அப்பதான் ஆசியாவுல ஒவ்வொரு நாட்டு லீக் சாம்பியனையும் ஒரே ஊருக்குக் கூப்பிட்டு ஒரு போட்டி வைக்க ஆரம்பிச்ச நேரம். இப்ப டிவியில காட்டுறானுங்களே, ஊர் ஊரா விமானத்துல போய் ஆடுறது, அதெல்லாம் கிடையாது. பாங்காக்ல ஒரே திடல், பத்து பன்னெண்டு நாள்ல எல்லா மேட்சும் முடிஞ்சிரும். நாங்க ரயில்ல போனோம். சப்பாத்தை, அதான் பூட்ஸை, காகிதத்துல சுத்தித் தலைக்கு வச்சுப் படுத்துக்கிட்டுப் போனோம்.

நாங்க எல்லாரும் கிண்ணத்துக்காகப் போனோம். சவரிமுத்து மட்டும் வேற ஒண்ணுக்காகப் போனான். அதைச் சொல்லாம விட்டா உங்களுக்கு ஒண்ணுமே புரியாது.

அவன்கிட்ட இருந்தது சிவப்பு ஐசி, சார், அடையாள அட்டை. நீல ஐசி வச்சிருந்தா நீங்க இந்த நாட்டுக் குடிமகன். சிவப்புன்னா இருந்துக்கலாம், ஆனா குடிமகன் இல்லை. மூணு வயசுல மணப்பாறைப் பக்கத்துல இருந்து கப்பல்ல தூக்கிட்டு வந்த பிள்ளை அவன். நீல ஐசிக்கு மனுப் போடுற காலத்துல அவன் அப்பா போடலை. அடுத்த மாசம் போடலாம், தைப்பூசம் முடிஞ்சு போடலாம், கிறிஸ்மஸ் முடிஞ்சு போடலாம்னே மனுஷன் போய்ச் சேர்ந்துட்டார். அப்புறம் சட்டம் வந்துருச்சு. குடிமகன் இல்லாதவன் வேலை செய்யணும்னா பெர்மிட் வேணும். சவரிக்குக் கொடுத்த பெர்மிட்டுல மிச்சம் நாலு மாசம். அது முடிஞ்சா சுரங்கத்துல வேலை இல்லை, லயத்துல வீடும் இல்லை. கப்பல் ஏற வேண்டியதுதான், ஞாபகமே இல்லாத ஒரு ஊருக்கு. பொண்டாட்டி ரெஜினா இங்கயே பொறந்தவ. ரெண்டு சின்னப் பிள்ளைங்க வேற.

எங்க கிளப் செக்ரட்டரி மிஸ்டர் தம்பையா. யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான ஆளு, ஆனா சவரி மேல உசுரு. அவர்தான் ஒரு வழி பண்ணினார். எங்க டீம் ஃபைனலுக்கு வந்துட்டா நம்ம நாட்டுத் துணை மந்திரி ஒருத்தர் ஆட்டம் பார்க்கப் பாங்காக்குக்கே வர்றதா ஏற்பாடு. தம்பையா யார் யாரையோ பிடிச்சு அவர்கிட்டப் பேசிட்டார். அவரும், கோல்கீப்பர் மனுவைக் கொண்டாங்க, அங்கயே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்னு சொல்லிட்டார். தம்பையா ரயில்லயே சவரியைக் கூப்பிட்டுச் சொன்னார், "ஃபைனலுக்கு மட்டும் கொண்டுபோய் விடும். மிச்சத்தை நான் பாக்கிறன்." அவ்வளவுதான். அந்த மனுவை நாலா மடிச்சு, போட்டோ ஒட்டி, சட்டைப் பைக்குள்ளயே வச்சிருந்தான் சவரி. குளிக்கப் போனாக்கூட என்கிட்டக் கொடுத்துட்டுத்தான் போவான். என்கிட்டத்தான் கொடுப்பான், வேற யார்கிட்டயும் இல்லை.

முதல் ரெண்டு மேட்சு எப்படியோ தாண்டிட்டோம். செமி ஃபைனல் கொரியா சாம்பியனோட. அவனுங்க ஆடுறதை முந்தின நாள் உக்காந்து பார்த்தோம். நம்மளால ஆகாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

இப்ப எலுமிச்சம்பழத்துக்கு வர்றேன். சிரிக்காதீங்க. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிருங்க.

லீக் பூரா எங்க கோல் வாசல்ல நான் பழம் புதைப்பேன். மாரியம்மன் காலடியில வச்சு எடுத்த பழம். ஆட்டத்துக்கு முன்னால இடது கம்பத்தோட அடியில, கோட்டுக்கு உள்பக்கமா, விரலால தோண்டி வச்சு மண்ணைத் தள்ளிருவேன். அந்தப் பக்கம் கோல் விழாது. ஹாஃப் டைம்ல ரெண்டு டீமும் பக்கம் மாறும்ல? அப்ப பழமும் மாறணும். நான் ரெண்டாவது கோல்கீப்பர், ஹாஃப் டைம்ல சவரிக்குப் பந்து போட்டுப் பழக்க உள்ள போவேன். போற சாக்குல பழத்தை எடுத்துக் கையுறைக்குள்ள வச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புதைச்சிருவேன். ஒரு சீசன் பூரா ஒருத்தன் கண்டுபிடிக்கலை. சவரிக்கும் தெரியாது. அவன் வேதக்காரன், சிலுவைக்கு முத்தம் கொடுத்துட்டுத்தான் இறங்குவான். அவனுக்குத் தெரிஞ்சா பிடிக்காது. அது போக, வெளிய சொன்னா பலிக்காது. லீக்ல அவன் வாங்கின கோல் மொத்தமே ஒன்பது. பேப்பர்ல அவன் படத்தைப் போட்டான். என் படத்தைப் போடலை. போகட்டும்.

பாங்காக்லயும் சீலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயில் இருக்கு, சார். செமி ஃபைனல் அன்னைக்குக் காலையில பசியாறாமக்கூட அங்க போய்ப் பழம் வாங்கிட்டு வந்தேன். சவரி பேர் சொல்லி, ரெஜினா பேர் சொல்லி, பிள்ளைங்க பேர் சொல்லி அர்ச்சனை பண்ணினேன். வேதக்காரக் குடும்பத்துக்கு மாரியம்மன்கிட்ட அர்ச்சனை பண்ணினவன் நான். அதையும் எவனும் சொல்ல மாட்டான்.

ஆட்டத்துக்கு முன்னால பந்து பழக்கும்போதே பழத்தைப் புதைச்சாச்சு. பாதி ஆட்டம் பூரா அவனுங்கதான் அடிக்கிறான். சவரி தடுக்கிறான். ஒண்ணு கம்பத்துல பட்டு வெளிய போச்சு, எந்தக் கம்பம்? இடது கம்பம். நான் பெஞ்சுல உக்காந்து அம்மா அம்மான்னுட்டு இருக்கேன். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், விசில் ஊதிட்டான்.

நான் கையுறையை மாட்டிக்கிட்டு எந்திரிச்சேன். ஒரு போலீஸ்காரன் கையைக் குறுக்க போட்டான். அந்தப் போட்டியில வேற விதி, சார். ஹாஃப் டைம்ல ஒருத்தனும் திடல்ல இருக்கக் கூடாது, எல்லாரும் உள்ள ரூமுக்குப் போயிரணும். முந்தின ரெண்டு மேட்சுல அந்தக் கண்டிப்பு இல்லை, செமி ஃபைனல்னு போட்டுட்டான். நான் தமிழ்ல சொன்னேன், மலாய்ல சொன்னேன், கையைக் கூப்பிக் காட்டினேன். தோளைப் பிடிச்சு ரூமுக்குள்ள தள்ளிட்டான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. பக்கம் மாறியாச்சு. பழம் அங்கயே இருக்கு. இப்ப அந்தக் கோல்ல நிக்கிறது யாரு? கொரியாக்காரன். எங்க அம்மா பழம் அவன் கோலைக் காக்குது.

அதுக்கப்புறம் நடந்ததை நீங்க பார்த்திருந்தா நம்பியிருப்பீங்க. எங்க கேப்டன் ஓத்மான் அடிச்ச பந்து, தனியா நின்னு அடிச்சது, கம்பத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு. இன்னொண்ணு அவன் கோல்கீப்பர் விழுந்து கிடக்கான், கால்ல பட்டு வெளிய போச்சு. பெஞ்சுல எல்லாரும் அதிர்ஷ்டம் இல்லைங்கிறான். காரணம் எனக்குத்தான் தெரியும். யார்கிட்டச் சொல்ல முடியும்?

நடுவுல சவரி ஒரு பந்துக்குப் பாய்ஞ்சு விழுந்து விரல் பிசகிருச்சு. தம்பையா என்னைப் பார்த்து ரெடியாகச் சொன்னார். நான் சப்பாத்துக் கயிறைக் கட்டிட்டேன், ஜெர்சியை இழுத்து விட்டுக்கிட்டேன், கோட்டுக்கிட்டப் போய் நின்னுட்டேன். ஒரு சீசன் பூரா பெஞ்சு, அந்த ஒரு தடவைதான் கோட்டுக்கிட்டப் போனது. சவரி தூரத்துல இருந்து கையைக் காட்டி வேணாம்னுட்டான். விரலைத் துணியால கட்டிக்கிட்டு நின்னுட்டான். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. அவன் மேட்சு, அவன் வாழ்க்கை. இந்தச் சங்கதியை வச்சுத்தான் பின்னால கிளப்புப் பயலுக கதை கட்டினானுங்க.

நான் திரும்பி வந்து உக்காரலை. தண்ணிப் போத்தலை எடுத்துக்கிட்டு ஓட்டப் பாதை வழியா மெதுவா நடந்து கொரியாக்காரன் கோலுக்குப் பின்னால போயிட்டேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். பந்து அந்தக் கடைசியில, எங்க கோலுக்கு முன்னால. அவனுங்க கார்னர் அடிக்கப் போறான். அவன் கோல்கீப்பர்கூட முன்னால ரொம்ப தூரம் தள்ளிப் போய் நிக்கிறான். இதை விட்டா நேரம் இல்லை. போத்தலைக் கீழ போட்டேன். வலையைச் சுத்தி உள்ள போனேன். இடது கம்பத்துக்கிட்ட முட்டி போட்டு உக்காந்து தோண்டுறேன்.

மண்ணு இறுகிப் போச்சு, சார். புதைக்கும்போது இளகின மண்ணு, வெயில்ல ஓடு மாதிரி ஆயிருச்சு. நகம் பேர்ந்து ரத்தம் வருது. பழம் தட்டுப்படுது, வர மாட்டேங்குது. பின்னால கூட்டம் கத்துற சத்தம் கேக்குது. நான் திரும்பிப் பார்க்கலை. ஒரே இழு. வந்துருச்சு.

வந்துருச்சு, கையில இருக்கு, அந்த நொடி பந்து என் காதுக்குப் பக்கத்துல சர்ருனு போய் வலையில விழுந்துச்சு.

என்னா நடந்துச்சுன்னா, கார்னர் பந்தை சவரி ஒத்தைக் கையால பிடிச்சிருக்கான். பிடிச்ச வேகத்துல உதைச்சிருக்கான். அவன் உதை பாதித் திடலைத் தாண்டும். ஓத்மான் தனியா ஓடியிருக்கான், கொரியாக் கோல்கீப்பர் தலைக்கு மேல தூக்கிப் போட்டிருக்கான். கோல்! பழத்தை எடுத்த அடுத்த நொடி கோல். ஒரு மேட்சு பூரா விழாத கோல். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?

எங்க ஆளுங்க கட்டிப் பிடிச்சுக் குதிக்கிறான். அந்தக் கடைசியில சவரி மண்டி போட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தான். ரெஃப்ரி ஓடி வந்தான். நேரா என்கிட்ட ஓடி வந்தான். கொரியாக்காரன் ஆறு பேர் என்னை நோக்கிக் கையை நீட்டுறான். வெளியாள் திடலுக்குள்ள இருந்தான், கோல் வாசல்லயே இருந்தான், கோல் செல்லாதுன்னுட்டான்.

பந்து என் மேல படலை, சார். ஒரு முடிமேலகூடப் படலை. அவன் கோல்கீப்பர் அங்க இல்லவே இல்லை, நான் யாரைத் தடுத்தேன்? ரெஃப்ரிகிட்ட எல்லாப் பாஷையிலயும் சொன்னேன். கேக்கவே இல்லை. நாப்பது வருஷமா நான் சொல்றது இதான், தப்பு அந்த ரெஃப்ரி மேல. என்னை வெளிய அனுப்பு, நியாயம். கோலை ஏன்டா அழிக்கிற?

சவரி அந்தக் கடைசியில இருந்து நடந்து வந்தான். ஓடி வரலை, நடந்து வந்தான். என்னைப் பார்த்தான். நான் பழத்தைக் கையுறைக்குள்ள மறைச்சுக்கிட்டு நின்னேன். அவன் ஒண்ணும் கேக்கலை. திரும்பிப் போய்க் கோல்ல நின்னுட்டான்.

தம்பையா என் சட்டையைப் பிடிச்சார். ஏன் உள்ள போனேன்னு கேட்டார். தண்ணி கொடுக்கப் போனேன்னேன். யாருக்குன்னார். எப்படிச் சொல்றது? ஆட்டம் இன்னும் முடியலை, சொன்னா பலிக்காதுல்ல?

கூடுதல் நேரமும் ஆடினாங்க. யாரும் அடிக்கலை. அப்பல்லாம் பெனால்ட்டி அடிச்சுத் தீர்க்கிற வழக்கம் இல்லை, சீட்டுதான். ஒரு வெள்ளிக் கிண்ணத்துல ரெண்டு சீட்டைப் போட்டான். ரெண்டு டீமும் திடல் நடுவுல வரிசையா நிக்குது. பதினேழாயிரம் பேர் இருந்திருப்பான், எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறான். சவரி சட்டைப் பை இருக்கிற இடத்துல கையை வச்சுக்கிட்டு நிக்கிறான். ஜெர்சியில ஏது பை? மனு என்கிட்டத்தான் இருந்துச்சு, என் துணிப் பையில. கொரியாக் கேப்டன் முதல்ல எடுத்தான். பிரிச்சான். துள்ளிக் குதிச்சான்.

ஓத்மான் தன் சீட்டைப் பிரிக்கவே இல்லை. கிண்ணத்துலயே போட்டுட்டு வந்துட்டான்.

துணை மந்திரி வரலை. ஏன் வர்றார்? தம்பையா ஊருக்கு வந்து மூணு தடவை கோலாலம்பூர் போனார், இலாகா இலாகாவா ஏறி இறங்கினார். கியூவில் நில்லுங்கோ எண்டுறாங்கள்னு வந்து சொல்லிட்டுத் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார். நாலு மாசம் ஓடிருச்சு.

அந்த நாலு மாசமும் கிளப்புல என்ன பேசினானுங்க தெரியுமா? சவரி போனா யாருக்கு இடம் கிடைக்கும்னு பேசினானுங்க. கோட்டுக்கிட்ட வந்து நின்னவனை வேணாம்னு அனுப்பினான்ல, அந்தக் காட்டத்துல செஞ்சுட்டான்னு பேசினானுங்க. என் காது படவே பேசினானுங்க. அடுத்த சீசன் நான்தான் கோல்கீப்பர், வாஸ்தவம். ஆறு வருஷம் நின்னேன், அதுவும் வாஸ்தவம். வேற ஆளு இல்லை, நான் என்ன செய்வேன்? இடத்தைக் காலியா வச்சிருக்கவா முடியும்?

சவரி மட்டும் ஒரு வார்த்தை பேசலை. மீன் தட்டு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நானும் பழத்தைப் பத்திச் சொல்லலை. முதல்ல சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம், அவனா கேக்கட்டும்னு இருந்துட்டேன். கேக்காதவன்கிட்ட நானா போய் வெளக்கம் சொன்னா, தப்பு செஞ்சவன் மாதிரி ஆகாதா? அவனுக்கு என்னைத் தெரியாதா?

ஈப்போ ஸ்டேஷன்ல போய் ஏத்தி விட்டேன். ரயில்ல பினாங்கு, அங்க இருந்து கப்பல். கிளப்புல இருந்து வேற ஒருத்தனும் வரலை, முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லைன்னானுங்க. நான் வந்தேன். பெட்டியெல்லாம் நான்தான் தூக்கினேன். ரெஜினா அழுதுக்கிட்டே ஏறி உக்காந்துட்டா, பெரிய பிள்ளை என் கழுத்தை விட மாட்டேங்குது, பிரிச்சு எடுத்து உள்ள கொடுத்தேன். ரயில் கிளம்ப ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். சவரி என் பக்கத்துல வந்து நின்னான்.

"கன்னியப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதே. வேணும்னேதான் உள்ள போனியா?"

எனக்கு எப்படி இருக்கும், சார்? நீங்களே சொல்லுங்க. ஊரே பேசட்டும், இவன் கேக்கலாமா? அவன் பேர் சொல்லி அர்ச்சனை பண்ணினவன் நான். நகம் பேர்ந்து இன்னும் சரியா வளரலை எனக்கு. நாலு மாசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்துட்டு, ரயில் ஏறுற நேரத்துல கேக்குறான். உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு எனக்கு. கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

"ஆமாடா. வேணும்னேதான் போனேன். இப்ப என்னாங்கிற?"ன்னுட்டேன்.

ஒரு அறை விடுவான்னு நினைச்சேன். இல்லை, போடா கிறுக்கான்னு சிரிப்பான்னு நினைச்சேன். ரெண்டுல ஒண்ணு செஞ்சிருந்தா அங்கயே அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். அவன் ஒண்ணும் செய்யலை. "சரி"ன்னான். என் தோளைத் தட்டிட்டு ஏறிட்டான்.

நான் பிளாட்பாரத்துலயே நின்னேன். அவன் உள்ள போய் ரெஜினா பக்கத்துல உக்காந்தான். அவ என்னமோ கேட்டா. இவன் குனிஞ்சு என்னமோ சொன்னான். அவ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா பாருங்க.

கோபத்துல சொன்னதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, சார்? தெரிஞ்சிருக்கும். பதினோரு வருஷம் பழகினவன். தெரியாமலா இருந்திருக்கும்?